ஆணியில் தொங்கிய சும்மாடு

செங்குட்டுவன் நைட் ஷிஃப்டை விட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தான். முதுகில் ஒன்றுமில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் நின்றபடியே ஒருநாள் தூங்கிப்போனான். பக்கத்தில் நின்றவன் காலரைப் பிடித்து இழுத்ததால் வலது கை தப்பியது. மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. காண்ட்ராக்ட் வேலையை விடுவதற்கு ராஜினாமாக் கடிதமெல்லாம் தேவையில்லை. போகாமல் இருந்தாலே போதும், பெயரை அவர்களே அடித்துவிடுவார்கள்.

வேலை போனாலும் உடம்பு பழைய ஷிஃப்டிலேயே நின்றுவிட்டது. ராத்திரி தூக்கம் பிடிக்காது. விடிகிற நேரத்துக்குப் பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். டவுன்ஷிப்பில் கண்டம் ஆன குவார்ட்டர்ஸ் வரிசைகள் நிறையக் கிடந்தன. குடியிருந்தவர்களைக் காலி செய்யவைத்து, தண்ணீரையும் கரண்டையும் துண்டித்து, சுவரில் சிவப்பு பெயிண்டால் எண் எழுதிவிட்டால் அந்த வீடு கண்டம். பிறகு இடிக்க ஆள் வரும்வரை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கூரையைப் பிளந்த அரசங்கன்று, சுவரில் கிழிக்காமல் நின்றுபோன தினசரிக் காலண்டர், கதவில்லாத குளியலறை என்று எடுத்துத் தள்ளினான். இணையத்தில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்து அங்கே போட்டான். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். யாரும் ஒரு வேலை கொடுக்கவில்லை.

இன்னொரு பைத்தியமும் அவனுக்கு உண்டு. ஸ்போர்ட்ஸ் கார். மாதத்தில் ஒரு ஞாயிறு வடலூர், குள்ளஞ்சாவடி, கடலூர் என்று பஸ் மாறிப் புதுச்சேரிக்குப் போவான். கடற்கரைச் சாலையில் காலையில் வந்து நிற்கும் வண்டிகளை எடுப்பான். அப்படித்தான் பல் டாக்டர் காயத்ரி பழக்கமானாள். நாற்பது வயது, சொந்த கிளினிக், தக்காளிச் சிவப்பில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கார். அவளும் நெய்வேலியில் வளர்ந்தவள்.

"தம்பி, நாங்க இருந்த குவார்ட்டர்ஸ இடிக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி வாசல்ல வண்டிய நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துத் தர்றியா?"

"பழைய ஞாபகங்களா டாக்டர்?"

"ஞாபகமாவது மண்ணாவது. அந்த வாசல்ல எங்கப்பா என்னைய சைக்கிள்கூட ஓட்ட விட்டதில்ல. ஒரு தடவ கார்ல போய் நிக்கணும், அவ்ளோதான்."

பாழடைந்த வீடும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே படத்தில். செங்குட்டுவன் இரண்டு வருடமாக மனசுக்குள் எடுத்துக்கொண்டிருந்த படம் அது. உடனே சரி என்றான்.

அந்த பிளாக்கின் நுழைவில் மூங்கில் தடுப்பு போட்டிருந்தார்கள். அதற்குக் காவல் அவனுடைய சித்தப்பா குழந்தைவேல். ஏஜென்சி மூலமாக வந்த செக்யூரிட்டி வேலை, பகல் டூட்டி. தனி ஆளாக கேமராவோடு வந்தால் சித்தப்பா பார்க்காத மாதிரி பீடியைப் பற்றவைப்பார். காரைப் பார்க்காத மாதிரி இருப்பது கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு அந்தச் சிவப்பு வண்டி தடுப்புக்கு முன்னால் வந்து உறுமியது. குழந்தைவேல் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார்.

"என்னாடா இது, குந்துனா பொச்சு ரோட்டுல உரசும் போலக்கீது."

"அர மணி நேரம் சித்தப்பா. இன்னிக்கு இடிக்கிற ஆளுங்களுக்கு லீவுதான?"

"லீவுதான். எதையும் தொடக் கூடாது. எட்டுக்கு சூப்பர்வைசர் ரவுண்டு வருவான், அதுக்குள்ள கெளம்பிடணும். எவனாச்சும் கேட்டா நான் ஒன்ன பாக்கல, நீ என்ன பாக்கல."

கட்டையைத் தூக்கிவிட்டார்.

வரிசையின் பாதி வீடுகளுக்குக் கூரை போயிருந்தது. காயத்ரியின் வீடு முழுசாக நின்றது. முன்னால் பலாமரம், அடியில் செம்மண். கதவை எவனோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். நிலை மட்டும் இருந்தது. நல்ல தேக்கு, அகலமான கட்டை. கறுத்துப்போன அந்தச் சட்டத்துக்குள் வீட்டின் இருட்டு, அதற்கு முன்னால் சிவப்பு வண்டி. செங்குட்டுவன் வெளிச்சம் பார்ப்பதற்காக ஒரு படம் எடுத்தான். கேமராவின் திரையில் பார்த்ததும் முகம் சுளித்தான். நிலையின் மேல்கட்டையில் ஓர் ஆணி. அதில் கிளிப்பச்சை நைலான் புடவைத் துணியைச் சுருட்டிய வளையம் ஒன்று தொங்கியது. மொத்தப் படத்திலும் கண் அங்கேதான் போய் நின்றது.

கல் சுமக்கிற பெண்கள் தலைக்கு வைக்கும் சும்மாடு. மறந்துபோய் விட்டிருப்பார்கள் என்று நினைத்தான். எட்டி எடுத்தான்.

பிறகு நாற்பது படம் எடுத்தான். வண்டியின் சக்கரத்தில் செம்மண் அப்பியிருந்ததால் நடுவில் ஒருமுறை அந்தச் சும்மாட்டைப் பிரித்து, நான்கு சக்கரத்தையும் துடைத்தான்.

"நல்லாத் துடைக்குதே தம்பி, போட்டுறாத. போற வழியில தேவப்படும்" என்று காயத்ரி அதை வாங்கி டிக்கியில் போட்டாள். எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் படத்தைப் போட்டான். மேலே 'யாருமில்லாத வீடு' என்று எழுதினான். ராத்திரிக்குள் நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு, அந்த வீட்டின் கூரை இறங்குவதை எடுக்கலாம் என்று மறுபடி போனான். தடுப்பை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. இரண்டு பெண்களின் குரல். உள்ளே பலாமரத்தடியில் இடிக்கிற கூட்டம் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னா சித்தப்பா சண்ட?"

"சும்மாட்டுச் சண்ட" என்றார் குழந்தைவேல். சித்தப்பா பீடியை இழுத்துக்கொண்டே விவரம் சொன்னார்.

இடிக்கிற வேலையில் ஒரு ஏற்பாடு உண்டு. கல்லும் கம்பியும் காண்ட்ராக்டருக்கு. வேலை செய்கிற பெண்களில் யாருக்காவது வாசல் நிலை வேண்டுமென்றால், ஒன்பது நாள் கூலியை விட்டுக்கொடுத்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஒருத்திக்கு ஒரு நிலைதான். எது வேண்டுமோ அதில் தன் சும்மாட்டை மாட்டிவிட வேண்டும். ஒவ்வொருத்தியின் சும்மாடும் அவளுடைய பழைய புடவையில் சுருட்டியது என்பதால் எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டியதை இன்னொருத்தி தொட மாட்டாள். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. இந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு தகராறு வந்ததில்லை.

"முத்தாண்டிக்குப்பத்து தனம் இருக்குதே, அது சனிக்கெழம மாட்டிட்டு போயிருக்குது. வூடு கட்டிகினு இருக்குது பாவம். வர்ற வெள்ளிக்கெழம நெல வெக்கணும்னு நாளு குறிச்சாச்சு. இன்னிக்கு வந்து பாத்தா அதோட சும்மாடக் காணும், பொன்னம்மா சும்மாடு தொங்குது."

"பொன்னம்மாவுக்கும் வேணுமா?"

"வெறும் நெலயா இருந்துது, மாட்டுனேன்னு சொல்லுது. அது தனத்துக்கு நாத்தனா வேற. கூடப் பொறந்தவன் வூட்டு நெலயவே திருடிட்டாள்னு தனம் ஊரக் கூட்டுது."

செங்குட்டுவன் உள்ளே போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். தனம் முப்பது வயதுக்காரி, ஒல்லி. பொன்னம்மாள் அவளைவிடப் பத்து வயது மூத்தவள், கையில் கடப்பாரை.

"நெலயிலேந்து காலு மொளச்சு நடந்துச்சா என் சும்மாடு?" என்றாள் தனம்.

"எனக்கென்னாடி தெரியும்? நாய் இழுத்துகினு போயிருக்கும்."

"ஏழடி ஒசரத்துல இருக்கறத நாய் எட்டி இழுத்துச்சா? ஒன் நாய் ஏணி போட்டு ஏறுமா?"

கூட்டம் சிரித்தது. பொன்னம்மாள் சிரிக்கவில்லை.

"தே பாரு தனம். நான் மாட்டுனப்ப அந்த ஆணி வெறுமனே இருந்துச்சு. நீ வந்து, அண்ணி, இது எனக்கு வோணும், வெள்ளிக்கெழம நாளு குறிச்சிட்டேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தியானா அப்பவே கழட்டிக் குடுத்திருப்பேன். பத்துப் பேரு பாக்க திருடின்னுட்ட. இனிமே அது என் நெல."

"வெச்சிக்க! மகராசியா வெச்சிக்க! ஆனா ஒன் தம்பி கேரளாவுலேந்து வந்தான்னா நீயே பதில் சொல்லு."

மேஸ்திரி சோமசுந்தரம் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "போதும், வேலயப் பாருங்க. நெலயில எந்தச் சும்மாடு இருக்குதோ அதுக்குத்தான் நெல. அதான் முற. மேல கூரய எறக்கி, சொவத்த எடுத்து, பொதன் கெழம காலயிலதான் நெலயத் தொடுவோம். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க."

செங்குட்டுவன் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான் என்று அவனுக்கு அப்போதே தெரியும். சொன்னால் சித்தப்பாவின் பேர் வரும். அது உண்மைதான். ஆனால் சித்தப்பாவை நினைத்துத்தான் பேசாமல் இருந்தான் என்று சொன்னால் பொய். பத்துப் பேர் அவன் பக்கம் திரும்பிப் பார்ப்பார்களே, அதை நினைத்துத்தான் பேசாமல் இருந்தான். பெல்ட்டில் தூங்கிய மறுநாள் வீட்டிலேயே படுத்துக்கிடந்ததும் இதே கணக்கில்தான்.

கூரை இறங்குவதைப் படம் எடுக்காமலே வீட்டுக்குப் போனான்.

முதலில் எடுத்த வெளிச்சப் படத்தை அழிக்காமல் வைத்திருந்தான். அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தான். பச்சை வளையம் நடு உச்சியில் தெளிவாகத் தெரிந்தது. ஞாயிறு, காலை ஆறு ஐம்பது. நாலாயிரம் பேர் பார்த்த படத்தில் அந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கீழே ஒருத்தன், 'பேய் இருக்கா ப்ரோ?' என்று கேட்டிருந்தான்.

காயத்ரிக்கு போன் போட்டான்.

"டாக்டர், அந்தப் பச்சைத் துணி இருக்கா?"

"எந்தப் பச்சைத் துணி?"

"சக்கரம் துடைச்சமே."

"ஐயோ, வண்டிய சர்வீஸ்ல விட்டிருக்கேனே. ஏன், உன்னோடதா? நான் வேற துணி வாங்கித் தர்றேன்."

"வேற துணி ஆகாதுங்க."

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனான். கார் சர்வீஸ் செய்யும் இடத்தில் பையன்கள் அந்தத் துணியால் ஒரு பைக்கின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். ஒருவன் மட்டும், "அண்ணே, இதுக்காகவா நெய்வேலியிலேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டான். பாதி கருப்பு, பாதி பச்சை. கிரீஸ் வாடையும் பாலிஷ் வாடையும் அடித்தது. வீட்டில் இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தான். பச்சை கொஞ்சம் மேலே வந்தது, வாடை போகவில்லை. மறுபடி வளையமாகச் சுருட்டப் பார்த்தான். அவனுக்கு வரவில்லை. பிரிந்து பிரிந்து விழுந்தது.

புதன்கிழமை எட்டு மணிக்கு அவன் போனபோது வீடு தரையோடு போயிருந்தது. நிலை மட்டும், இரண்டு பக்கமும் முட்டு கொடுத்து, வெட்டவெளியில் தனியாக நின்றது. உள்ளே வெளியே என்று எதுவும் மிச்சமில்லாத வாசல். வேறொரு நாளாக இருந்தால் அதை எடுக்க அவன் அரை நாள் நின்றிருப்பான். பொன்னம்மாளின் காவிநிறச் சும்மாடு ஆணியில் தொங்கியது. தனம் அந்தப் பக்கமே திரும்பாமல் செங்கல்லில் ஒட்டிய காரையைக் கொத்திக்கொண்டிருந்தாள். மேஸ்திரியோடு சூப்பர்வைசர் அறிவழகனும் நின்றிருந்தான். அவன் அங்கே இருப்பான் என்று செங்குட்டுவன் எதிர்பார்க்கவில்லை.

நேராகத் தனத்திடம் போய்த் துணியை நீட்டினான்.

அவள் வாங்கி, விரித்து, முகர்ந்து பார்த்தாள். "என்னா கருமம்டா இது?"

"உங்க சும்மாடுங்க. ஞாயித்துக்கெழம நான்தான் எடுத்தேன்."

கொத்துகிற சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. அவன் பயந்தபடியே பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ எதுக்குடா எடுத்த?"

"போட்டோவுல நல்லா இல்லன்னு. அப்புறம் டாக்டரம்மா வண்டி சக்கரத்தத் தொடச்சேன்."

தனத்துக்குப் புரியவில்லை. அவன் மொபைலை எடுத்து இரண்டு படத்தையும் காட்டினான். ஒன்றில் சும்மாடு, மற்றதில் வெறும் ஆணி. பெண்கள் ஒருத்தி தோளின் மேல் ஒருத்தி சாய்ந்து பார்த்தார்கள்.

"வண்டி சோக்கா கீதுடி."

"ஏண்டா, அந்தம்மா வண்டி சக்கரத்தயா இதால தொடச்ச? நான் தலையில வெக்கிறதுடா!" என்றாள் தனம்.

அவன் மொபைலை இறக்கிக்கொண்டான்.

அறிவழகன் முன்னால் வந்தான். "ஹலோ, ரெஸ்ட்ரிக்டட் ஏரியாவுல எப்படி உள்ள வந்தீங்க?"

"பின்பக்கம், முந்திரித் தோப்பு வழியா சார்."

"நீங்க வந்தீங்க. இந்தக் கார்?"

"அதுவும்..."

"அதுவும் முந்திரித் தோப்பு வழியா வந்துச்சா?"

இந்த முறை மேஸ்திரிகூடச் சிரித்தார். அறிவழகன் தடுப்பு இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். மொபைலை எடுத்து ஏஜென்சிக்கு நம்பர் போட்டுக்கொண்டே தள்ளிப் போனான். அந்தச் சிரிப்பிலேயே சித்தப்பாவின் காரியம் முடிந்துவிட்டது.

பொன்னம்மாள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நிலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டுகினியா தனம்?"

தனம் குனிந்து கையிலிருந்த துணியை மடித்தாள்.

"நாய்க்கி ஏணி போட்டியே. இப்ப சொல்லு."

"தப்புதான் அண்ணி."

"அன்னிக்கு எவ்ளோ சத்தமா சொன்ன? ரோட்டுல போறவனுக்குல்லாம் கேட்டுச்சு. இப்ப கொசு கத்துற மாரி சொல்ற."

தனம் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "தப்புதான் அண்ணீ! நீ திருடல! எடுத்தது இந்தக் கட்டயில போறவன்! போதுமா?"

"ம்" என்றாள் பொன்னம்மாள். எட்டித் தன் சும்மாட்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். "மாட்டு."

தனம் அந்தக் கறைபிடித்த துணியை இரண்டு திருப்பில் வளையமாக்கி ஆணியில் மாட்டினாள். மேஸ்திரி பார்த்தார், தலையாட்டினார், முட்டுகளை எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான் விசாரணை.

"உங்களுக்கு நெல வேணாமா?" என்று செங்குட்டுவன் பொன்னம்மாளிடம் கேட்டான். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக் கூடாதென்று தோன்றியது.

"வோணும்தான். அடுத்த வரிசையில பாத்துக்கறேன். அதுல தேக்கு இருக்காது, வேம்புதான்." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த வரிசைக்கும் போட்டோ எடுக்க வருவியா?"

நிலையைத் தரையில் சாய்த்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. வெளியே ரோட்டில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதற்குமேல் உள்ளே வண்டி வர சூப்பர்வைசர் விடவில்லை. இனி எந்த வண்டியும் கிடையாது என்றுவிட்டான். தடுப்புவரை தலைச்சுமைதான். மேஸ்திரி இரண்டு ஆட்களைக் கூப்பிட வாயெடுத்தார்.

"யாரும் வோணாம்" என்றாள் தனம். "முன்னால இவன் புடிப்பான், பின்னால நான்."

ஆணியிலிருந்து சும்மாட்டை எடுத்து அவன் தலையில் வைத்து அழுத்தினாள். கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. அவள் தலைக்குப் பொன்னம்மாள் தன் காவிச் சும்மாட்டை இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தாள். நாலு பேர் தூக்கிவிட்டார்கள். கழுத்து தோளுக்குள் இறங்கியது போல இருந்தது. கேமரா நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

"கேமராவ கழட்டி வெச்சிருக்கலாம்ல? கல்யாணத்துக்கா போற?" என்று பின்னாலிருந்து தனம் கேட்டாள்.

தடுப்புவரை இருநூறு அடி இருக்கும். இரண்டு இடத்தில் கால் தடுக்கியது. இரண்டு முறையும் பின்னாலிருந்து வசவு வந்தது. முதுகுவலி என்று எட்டு மாதமாகச் சொன்ன பொய் அன்றைக்கு உண்மையானது.

தடுப்பில் குழந்தைவேல் சித்தப்பா நின்றிருந்தார். பக்கத்தில் புதிதாக ஒருத்தன், தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். சித்தப்பாவின் டிபன் பை ஏற்கெனவே சைக்கிளில் தொங்கியது.

"சித்தப்பா..."

"பேசாத. சொம இருக்குது."

"எங்க போட்டாங்க?"

"குடோனுக்கு. நாளையிலேந்து நைட்டு." பீடிக்காகச் சட்டைப் பையைத் தடவினார், கிடைக்கவில்லை. "அங்க தூங்குனா கை போவாது. வேல போவும்." பெல்ட்டில் தூங்கியதை அவன் அவரிடம் சொன்னதே இல்லை.

புதியவன் தடுப்புக் கட்டையைத் தூக்க வந்தான். குழந்தைவேல் அவனை விலக்கிவிட்டுத் தானே தூக்கிப் பிடித்தார். நிலை அகலமாக இருந்ததால் நேராக நுழையவில்லை. ஒரு பக்கம் சாய்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. செங்குட்டுவன் எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

"நிக்காத" என்றாள் தனம். "நின்னா கழுத்து போவும். எடது பக்கம் சாச்சிகினே நட."

சாய்த்தான். நடந்தான்.